செண்பகவல்லியின் முறை

"ஹலோ… யாரு?… ஆங், ஷர்மிளா மேடமா… இல்ல மேடம், குரல் அப்படித்தான் இருக்கு. இட்லி அண்டாவ இறக்கிட்டு இப்பதான் உக்காந்தேன். இடுப்புல ஆணி எறக்குன மாதிரி வலிக்கு… சொல்லுங்க."

தாராவிச் சந்துக்குள் வெயில் ஏறியிருந்தது. இட்லி விற்பவர்கள் தூக்குப் பாத்திரங்களோடு கிளம்பிப் போயிருந்தார்கள். இசக்கிசெல்வி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காலை நீட்டினாள்.

"ஆமா, ஆமா… உங்க காலேஜ் ஆராய்ச்சிதான… கடேசிக் கேள்வியா, கேளுங்க… அழுகையா? தெனமும்தான்… இல்ல, நடுவுல கொறஞ்சுதான் இருந்துது. நீங்க வாராவாரம் உக்கார வச்சுப் பேசுனது நல்லதுதான்… இது வேற அழுகை… செண்பகவல்லி போன எடுக்கலியா? எடுக்க மாட்டா மேடம்."

பக்கத்தில் செண்பகவல்லி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"அவ இல்ல… ஊருக்குப் போகல. செத்துட்டா… போன வெள்ளிக்கிழமை. தண்டவாளத்துல… ஹலோ… இருக்கீங்களா?… அழாதீங்க. ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க.

யாருகூட மொதல்ல பேசணும், யாருகூட ரெண்டாவது பேசணும்னு அன்னைக்குச் சீட்டுக் குலுக்குனியல்லா. எனக்கு மொத முறை, அவளுக்கு ரெண்டாவது முறை. நாங்க இங்க சீட்டுப் பிடிக்க மாதிரின்னு நெனச்சுக்கிட்டோம். குலுக்குல யாருக்கு விழுந்தாலும் அவசரக்காரிக்கு விட்டுக் குடுப்போம், அதான் வழக்கம். அதனாலதான் கேட்டேன், 'என் முறைய இவளுக்குக் குடுங்க, இவ சோறே திங்க மாட்டேங்கா'ன்னு… ஆமா, சொன்னிய. மாத்துனா ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட முடியாதுன்னிய… சரி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்…

என்னது?… அவகிட்டயும் கேட்டியளா, சாகத் தோணுதான்னு? அரே, அது ஒத்த ரூமு மேடம். மாமியாக்காரி கட்டில்ல உக்காந்து கீரை ஆஞ்சுகிட்டு இருக்கா. அவ முன்னால செண்பகம் இல்லன்னுதான் சொல்லுவா. அதையும் அப்படியே எழுதிக்கிட்டியளாக்கும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இப்ப அவ பேருக்கு நேரா என்ன போடுவிய?… பாதியில நின்னவங்கன்னா?… அவ நிக்கல மேடம். நான் உங்ககிட்ட பேசிட்டு வார அன்னைக்கெல்லாம் தலையச் சீவி வாசல்ல நிப்பா. 'எக்கா, மேடம் என்ன சொன்னாங்க, எனக்கும் சொல்லேன்'ம்பா. உள்ள பேசுனத ரெண்டாவது கூட்டத்துக்குச் சொல்லப்பிடாதுன்னு நீங்கதான் சொல்லி விட்டிருந்திய… நான் சொல்லல. 'ஒன் முறை வரும்டி, பொறு'ன்னேன்… ஆமா. அவ்வளவுதான் சொன்னேன்…

வேண்டாம், நீங்க வராதீங்க… வந்து யார்கிட்ட பேசுவிய… மன்னிப்பெல்லாம் எங்கிட்ட எதுக்கு. அவகிட்ட எட்டு வாரம் பேசுதேன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனிய. செண்பகத்துக்கு அந்த எட்டு வாரம் பாக்கி இருக்கு மேடம்."

அவளே போனை வைத்தாள்.