தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் பெயர் தேவகிருபை. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் ஞானசிகாமணி, காலமாகிவிட்டார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எண்ணூர் கத்திவாக்கத்தில் குடியிருந்து, வீட்டின் முன் அறையில் மளிகைக்கடை நடத்தி வருகிறேன். எனக்கு நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் படிப்பு, வேலை என்று வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான். இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள மதி, வயது இருபத்தாறு, என் கடைக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவள். அவள் கணவர் பகலவன் கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். அவர்கள் எனக்கு உறவு கிடையாது.

இந்த வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி எனக்குக் கட்டாயம் எதுவும் இல்லை என்று நடுவர் அவர்கள் எடுத்துச் சொல்லி, யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ அனுப்பினார்களா என்று கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை. காவல் நிலையத்தில் நான் விவரமாகச் சொல்லியும், மதிக்குக் குழந்தையைப் பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்பது மதிக்காக வாதாடும் வக்கீலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை வேண்டாம் என்று தெரிந்தே கொன்றுவிட்டாள் என்று வழக்கு போகிறது. அது அப்படியில்லை. நடந்தது முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மதிக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே இறந்துபோனது. இரண்டாவதாகப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, பகலவனின் அத்தை கன்னியம்மா என் கடைக்கு வந்து, குழந்தையைத் தவிட்டுக்கு வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். முதல் பிள்ளை தவறிய வீட்டில் அடுத்ததும் போய்விடாமல் இருக்க, பிள்ளைகள் நிலைத்த வீட்டுக்காரி ஒருத்தி தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். அதன் பிறகு பேச்சுக்கு அது வாங்கியவளின் பிள்ளை, பெற்றவள் வளர்த்துக் கொடுப்பாள். என் பிள்ளைகள் நான்கும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பதால் என்னைத் தேடி வந்தார்கள். நான் வேதக்காரி, எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று சொன்னேன். "நம்பிக்க எங்களாண்ட கீது, நீ தவுடு மட்டும் குடு," என்று கன்னியம்மா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர்களிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

கடையில் தவிடு கிடையாது. மாடு வைத்திருக்கும் பால்காரரிடம் கேட்டு வாங்கிவந்தேன். அதன் பிறகு கன்னியம்மா குழந்தையை முறத்தில் கிடத்தித் தூக்கிவந்து, என் வாசலில் நின்று, கீரை விற்பவளைப் போல "புள்ள வேணுமா, புள்ள" என்று கூவினார். தெருவே சிரித்தது. நான் தவிட்டை மதியின் மடியில் கொட்டி, குழந்தையைக் கையில் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, "என் பிள்ளைய நீ வளத்துக் குடு" என்று சொல்லி மதியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கைக்கு வந்த குழந்தையைப் பார்க்காமல் என் வீட்டுக் கதவுக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவக் களைப்பு என்று நினைத்தேன்.

அதன் பிறகு மதி தூங்குவதை விட்டுவிட்டாள். காலையில் நான் கடை திறக்கும்போது வாசலைக் கழுவிக்கொண்டிருப்பாள். மதியம் பார்த்தாலும் அதே வாசலைக் கழுவிக்கொண்டிருப்பாள். தையல் பிரிந்துவிடும், போய்ப் படுட்டி என்று நானே திட்டியிருக்கிறேன். குழந்தையை வைத்திருக்கும் விதமும் மாறியது. பஸ்ஸில் யாரோ கொஞ்சம் பிடியுங்கள் என்று கொடுத்த பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள்.

ஒரு நாள் சர்க்கரை வாங்க வந்தவள், கையில் குழந்தையோடு நின்று, பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, "உள்ள அயுவுதுக்கா. பசிக்குது போல," என்றாள். எங்கள் வீட்டுக்குள் யாரும் இல்லை. டிவியும் ஓடவில்லை. அவள் கையிலிருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளை என்று கேட்டேன். "என் புள்ளதான்" என்றாள். அதைச் சொல்லும்போது பால் சுரந்து அவள் ரவிக்கை நனைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் போன பிறகு நான் கல்லாவை விட்டு எழுந்து உள் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். எதற்குப் பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாலு பெற்ற எனக்கே ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

அதிலிருந்து மதி தினமும் வந்து கேட்க ஆரம்பித்தாள். "தவுட்ட குட்த்து என் புள்ளைய எத்துகினு உள்ள போன. வெளிய வரச்சொல்ல வேற புள்ளைய இட்டாந்து குட்த்துட்ட," என்று சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை. துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு கட்டிவிட்டாய் என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். அதன் பிறகு கன்னியம்மா வந்து, மதி பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்கிறாள், உன் பேச்சைத்தான் கேட்பாள், எதையாவது சொல்லு என்று அழுதார். நான் மதியைக் கூப்பிட்டு, "உன் பிள்ள என்கிட்ட பத்திரமா இருக்கு. நீ என் பிள்ளைக்குப் பால் குடு, நான் உன் பிள்ளைக்குக் குடுத்துக்கிடுதேன்," என்று சொன்னேன். உடனே அவள் கடைப் படியிலேயே உட்கார்ந்து அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பகலவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு அவள் எப்போது கேட்டாலும் இதையே சொன்னேன். குழந்தை குடித்தது, உடம்பு தேறியது, எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

மதிக்குக் காற்று சேட்டை என்று சொல்லி, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நானும் என் பங்குக்குச் சபைப் பாஸ்டரை அழைத்துவந்து ஜெபம் பண்ண வைத்தேன். செவிலியர் குழந்தையை எடை பார்க்க வந்தபோது மதியின் நிலையை அவரிடம் சொல்லிவிடலாம் என்று நான் கிளம்பினேன். கன்னியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "பைத்தியம்னு எய்திட்டாங்கன்னா புள்ளைய புடுங்கிகினு பூடுவாங்க," என்றார். செவிலியர் முன்னால் மதி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சாதாரணக் காய்ச்சலாக இருந்திருந்தால் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் அத்தனை பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சம்பவத்தன்று மதியம் பகலவன் வேலையிலும் கன்னியம்மா ரேஷன் கடையிலும் இருந்தார்கள். பிஸ்கட் சேல்ஸ்மேன் என் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது மதி தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டி, குழந்தையின் பூப்போட்ட துணியில் சுற்றியதை மார்போடு அணைத்து, தட்டிக்கொடுத்தபடி தெருவைத் தாண்டி வந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. பெற்றவள் மாதிரி இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "வாங்க ராசாத்தி" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் துணிமூட்டையை என் கையில் கொடுத்தாள். கனம் சரியாக இல்லை. துணி விலகி, கல்லாப்பெட்டி மேல் தவிடு கொட்டியது.

"நீ குட்த்தது அப்டியே கீதுக்கா, ஒரு புடிகூட கொறையல. என் புள்ளைய குடு," என்றாள்.

வீட்டிலிருக்கும் குழந்தை எங்கே என்று கேட்டேன். "உன் புள்ளையா? டிரம்முல கீது. சாம்பல் வுழாம மூடி வெச்சிகீறேன். நீயே போய் எத்துக்கோ," என்று சொல்லி வீட்டுச் சாவியை என் முன்னால் வைத்தாள்.

நானும் சேல்ஸ்மேனும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, சமையலறையிலிருந்த நீலத் தண்ணீர் டிரம்மின் மேலிருந்த கல்லை நகர்த்தி மூடியை எடுத்தோம். குழந்தையை நான்தான் தூக்கினேன். உயிர் இல்லை. அதன் பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கேயும் இல்லை என்றார்கள். மூடிமேல் கல் வைத்தது மறைப்பதற்காக என்று போலீஸ் தரப்பில் சொல்வதாக அறிகிறேன். எங்கள் தெருவில் கல் வைக்காத ஒரு டிரம்மைக் காட்டட்டும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் பறக்கிற ஊர். தண்ணீர் மொண்டால் மூடிக் கல் வைப்பது எங்கள் கைப்பழக்கம். மறைக்க நினைத்தவள் சாவியை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க மாட்டாள்.

நான் திரும்பி வந்தபோது மதி என் வீட்டுக்குள் இருந்தாள். பீரோ திறந்து கிடந்தது. கட்டில் மெத்தையைப் புரட்டிப் போட்டிருந்தாள். அரிசி டின்னின் மூடிகூடத் திறந்திருந்தது. அவள் உள் அறைக் கதவோரம் அசையாமல் நின்று எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் அவ்வளவு கூச்சலும் அழுகையும் இருந்தும் அவள் திரும்பவில்லை. அதன் பிறகு பெண் போலீஸ் ஒருவர் வந்து கையைப் பிடித்தபோது, விரலை வாயில் வைத்து, "மெதுவாக்கா. இப்பத்தான் தூங்கிச்சி," என்றாள். அந்தப் பெண் போலீஸும் பேச்சை நிறுத்திவிட்டு உள் அறையைத் திரும்பிப் பார்த்தார். இதையும் காவல் நிலையத்தில் சொன்னேன். எழுதவில்லை.

தண்ணீரில் விட்டால் குழந்தை இறந்துவிடும் என்று மதிக்குத் தெரியாதா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். மற்ற நாளில் கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு என்ன தெரிந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அடுத்தவர் பிள்ளை என்றே நினைத்திருந்தாலும் கொல்வது தவறு என்று தெரியவேண்டாமா என்று கேட்டார்கள். கடையில் சோப்பை எடுத்து இடுப்பில் சொருகுகிறவளின் முகம் எனக்குத் தெரியும் ஐயா. தப்பு செய்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருடம் வியாபாரம் பண்ணுகிறேன். அன்று மதிக்கு அந்த முகம் இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே நிற்கும் தாய்க்கு இருக்கும் முகம்தான் இருந்தது.

அதன் பிறகு மதியைக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். இப்போது தெளிந்துவிட்டாள், வழக்கை நடத்தலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டதால் புழல் ஜெயிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பகலவன் அவளைப் போய்ப் பார்ப்பதில்லை. சென்ற வாரம் நான் மனு போட்டுப் போய்ப் பார்த்தேன். என் பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்தாள். கடையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பழைய மதிதான் பேசினாள். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு கம்பிவலையில் விரலைக் கோத்துக்கொண்டு, "அக்கா, அது என் புள்ளதான?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "ஆமாட்டி. உன் பிள்ளதான்," என்றேன்.

அவள் அழவில்லை. "நான் தெனம் உன்னாண்ட வந்து கேட்டனே. அப்ப ஏங்கா சொல்லல?" என்றாள்.

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அவளை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

இதுவரை எழுதியது எனக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டப்பட்டது. என் வாயால் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை என்று அறிந்து என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஞா. தேவகிருபை