லேஸ் வராத பூட்ஸ்

...அதைத்தான் சொல்றேன் தம்பி, வரிசையாக் கேளுங்க. வரிசை மாறுனா நியாயமே மாறிடும். முதல் அநியாயம், என் பொண்ணுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லவே இந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு மாசக்கணக்குல ஆச்சு. ரெண்டாவது, அப்பன் நான் ஒண்ணு தர்றேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்து நின்னா, 'உக்காருங்க, கூப்பிடுறோம்'னாங்க. மூணாவது... சொல்லவே கூசுது... கையில ஒரு சின்ன டப்பாவைக் குடுத்து, 'காலையில போயிட்டு இதுல கொண்டாங்க'ன்னாங்க. என்கிட்ட! போலீஸ் வேனையே மறிச்சவன்கிட்ட டப்பா!

கிட்னி கேட்டாங்க, தர்றேன்னேன். அதோட நிக்கணும்ல? நோயாளி என் பொண்ணு. என் வயித்துல இவங்களுக்கு என்ன வேலை? டப்பாவை மேசை மேலயே வச்சுட்டு, இதே வராந்தாவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். நோட்டீஸ் கூட அடிச்சேன். 'கொடையாளியின் மலம் கொடையில் சேராது!' எப்படி? ...சிரிக்காதீங்க தம்பி, கொள்கை முழக்கம் அது.

அந்த டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, என் மூஞ்சியைப் பாக்காம காலையே பாத்துட்டிருந்துச்சு. 'அய்யா, செருப்புப் போடுறதில்லையா?'ன்னுச்சு. நல்லாக் கேட்டே போ! ஊருக்கே தெரிஞ்ச காலு இது. சாக்கடை அள்றவங்களுக்கு பூட்ஸ் குடுக்குற வரைக்கும் நானும் வெறுங்கால்னு சபதம் போட்டேன். அவங்களோடயே சகதியில இறங்கி நின்னேன். பூட்ஸ் வந்துச்சு. அவங்க மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. நான் மாட்டல. ஏன்? லேஸ் வரல! கோரிக்கையில 'லேஸோட'ன்னு தெளிவா எழுதியிருந்தேனே! 'ரப்பர் பூட்ஸுக்கு லேஸே கிடையாது தலைவரே'ன்னு அவங்களே வந்து கெஞ்சுனாங்க. கிடையாதுன்னா கோரிக்கையை விட்டுடுறதா? பாதி வெற்றிக்குப் பாதத்தை மூடுற ஆளில்ல நான். இன்னிய வரைக்கும் லேஸ் வரல, இன்னிய வரைக்கும் வெறுங்கால்.

அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு ஒரு கதை சொல்லுச்சு பாருங்க. அசுத்தமான மண்ணுல ஒரு புழு இருக்காம். வெறும் பாதத்தைத் துளைச்சு உள்ள போயிடுமாம். வருஷக்கணக்கா குடல்ல சத்தமில்லாம உக்காந்து தின்னுட்டிருக்குமாம், எங்க சங்கத்துப் பொருளாளர் மாதிரி. எனக்கு ஒண்ணும் தெரியாதாம், என் உடம்பு அதை அடக்கி வச்சிருக்குமாம். ஆனா என் பொண்ணுக்கு? புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு அவ எதிர்ப்புச் சக்தியை மருந்து குடுத்து அடக்குவாங்களாம். எதிர்ப்பை அடக்குறாங்களாம்! யார்கிட்ட வந்து சொல்றாங்க! அந்த நேரத்துல கிட்னியோட புழுவும் அவ உடம்புக்குள்ள போயிட்டா கேக்க நாதி இல்ல, பெருகிப் பெருகி நுரையீரல் வரைக்கும் ஊர்வலம் போகும், ஆளையே முடிச்சிடும்னுச்சு.

மிரட்டுறாங்கன்னு நான் இன்னும் கெட்டியா உக்காந்தேன். ஆபரேஷன் தேதி போச்சு. நாலாவது அநியாயம்! கடைசியில என் பொண்ணு, டயாலிசிஸ் கட்டில்ல படுத்துக்கிட்டே, 'கிட்னியைத் தூக்கித் தர்றீங்க, டப்பாவைத் தர மாட்டீங்களாப்பா?'ன்னா. குடுத்துட்டேன். பெத்த பொண்ணுகிட்டத் தோத்தா அது தோல்வியில்ல. ஆனா நிபந்தனை போட்டேன்ல! டெஸ்ட்டு முடிவையும், தேதி தள்ளிப் போகக் காரணமான ஆளு பேரையும் இதே இடத்துல, எல்லாரும் சாட்சியா, சத்தமா வாசிக்கணும். ஒத்துக்கிட்டாங்க! அதுக்குத்தான் காத்திருக்கேன்.

எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி, சாட்சி வேணும். அதோ, நர்ஸம்மா வருது... தாளை ஏன் பக்கத்துல உக்காந்திருக்கிற என் பொண்ணுகிட்ட நீட்டுது? சரி, நீயே வாசிம்மா. கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்.

'புழு இருக்கு.'

...இருக்கா? ம். 'மாத்திரை குடுத்து, அது போனது உறுதியான பிறகுதான் ஆபரேஷன்.' அப்ப... அப்ப அன்னிக்கே, டப்பா கேக்காம, என் பேச்சைக் கேட்டு அறுத்திருந்தா...

சரி. மேல வாசி. அந்த ஆளு பேரு. ...என்னம்மா முனகுற? யாருக்குப் பயப்படுற? தைரியமாச் சொல்லு, அப்பா இருக்கேன்ல! ...கேக்கல... இன்னும் சத்தமா...

...'எங்க அப்பா.'