கையெழுத்து வாங்காத கடிதம்

இருபத்திரண்டு வருடத்தில் என் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம்கூடத் தொலைந்ததில்லை. எங்கள் வடக்கு ரேடார் நிலையத்தில் ரகசியத் தபால் பிரிவு என்றாலே எல்லோருக்கும் எரிச்சல்தான். நேரில் வந்து, வரிசையில் நின்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தபாலைக் கொடுப்பேன். ஜெனரலுக்கும் அதே விதி.

அந்தக் கடிதம் திங்களன்று மாஸ்கோவிலிருந்து வந்தது. பக்கத்து நாட்டு விஞ்ஞானிகள் வியாழன் காலை வானத்தை ஆராய ஒரு ராக்கெட் விடுகிறார்கள், தாக்குதல் என்று நினைத்துவிட வேண்டாம் என்று எழுதியிருந்தது. ரேடார் அறையின் காலைப் பொறுப்பாளர் கேப்டன் ஸவ்யாலவ் பெயருக்கு வந்த கடிதம்.

செவ்வாயன்று அவரே வந்தார். ஜன்னல் முன் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

"ரோதியன் ஃபியோதரவிச், எனக்கு ஏதாச்சும் இருக்கா?"

"வரிசையில வாங்க, யெகோர் லுகிச். இருந்தா சொல்றேன்."

"உங்க வரிசை நகர்றதுக்குள்ள ஒரு போரே வந்துட்டுப் போயிடும்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைக்க மாட்டேன். கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுபடி வரட்டும் என்று இருந்தேன். புதனன்றும் வரவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. ஏவுகணை வருவதாக மேல்மாடி ரேடார் அறையின் திரை காட்டியது. அதை உறுதி செய்ய ஸவ்யாலவுக்கு எட்டு நிமிடம். அவர் "தாக்குதல்" என்று சொன்னால் நம் அணுகுண்டுகள் கிளம்பும், பதிலுக்கு எதிரிகளுடையதும் வரும். திரையில் தெரிவது விஞ்ஞானிகளின் ராக்கெட் என்று கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தொலைபேசி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ரகசியக் கடிதத்தில் உள்ளதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது. சொன்னால், மூன்று நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். ரேடார் அறைக்குக் கூப்பிடவில்லை.

ஸவ்யாலவ் உறுதி செய்யவில்லை. "ஒத்த ராக்கெட்ட வெச்சு எவன்டா போரை ஆரம்பிப்பான்?" என்றாராம். ராக்கெட் கடலில் விழுந்தது. தாமதித்த குற்றத்துக்காக அவர் பதவியைப் பறித்தார்கள். கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது என்று பதிவேடு சொன்னது. அந்தத் தேதியை மாற்றி எழுதியவன் நான். நல்ல அதிகாரி, பாவம். கொஞ்சம் பொறுமை இருந்திருக்கலாம்.

ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு என் மேசையிலிருந்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு அழைப்பு போயிருக்கிறது என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். உண்மைதான். என் மனைவி அங்கே ஆசிரியை. மகளைக் கூட்டிக்கொண்டு உடனே நிலவறைக்குப் போகச் சொன்னேன்.

"வகுப்புல இன்னும் இருபத்தாறு பிள்ளைங்க இருக்கே, அவங்க?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது.