பிடிக்காத கற்கள்

அருள்நாயகம்: உதைத் தொட்டுப் பாரும், கிளடிஸ்.

கிளடிஸ்: தொட்டன்.

அருள்நாயகம்: விரல் நுனியாலை இல்லை. உள்ளங்கையை முழுக்க வையும். என்ன தெரியுது?

கிளடிஸ்: குளிருது.

அருள்நாயகம்: அதுதான் கிறனைற். கையிலை இருக்கிற சூட்டை உடனை இழுத்துப்போடும். உம்மடை வீட்டு ஃபயர்பிளேசைச் சுத்தி ஒட்டினாலும் அப்பிடித்தான். சூட்டை ஒரு இடத்திலை நிக்கவிடாமல் பரப்பிவிடும். அதாலை வெடிப்பு வராது. இனி இஞ்சாலை வாரும், இந்த மாபிளிலை வையும்.

கிளடிஸ்: இதுவும் குளிருது.

அருள்நாயகம்: குளிரும். ஆனா இது கொஞ்சம் செல்லப்பிள்ளை. ஒரு துளி தேசிக்காய்ப் புளி பட்டாக் காணும், அந்த இடத்திலை மினுக்கம் போயிடும். அடிப்படையிலை சுண்ணாம்பு தானே.

கிளடிஸ்: ஃபயர்பிளேசுக்கு முன்னாலை ஆர் தேசிக்காய் பிழியப்போறது?

அருள்நாயகம்: நத்தார்ப் பண்டிகைக்கு உம்மடை மகன் மரியோ கூட்டாளியளைக் கூப்பிட்டால், கிளாசுக்கை தேசிக்காய்த் துண்டோடைதானே திரிவாங்கள்.

கிளடிஸ்: என்ரை பிள்ளை குடிக்கிறேல்லை.

அருள்நாயகம்: ...சரி. குடிக்கிறேல்லை.

கிளடிஸ்: அதுக்கேன் சிரிக்கிறியள்?

அருள்நாயகம்: நான் மாபிளைப் பாத்துச் சிரிச்சனான். சரி சொல்லும், கிறனைற்றோ மாபிளோ?

கிளடிஸ்: ரெண்டும் பிடிக்கேல்லை.

அருள்நாயகம்: கறுத்தக் கிறனைற்றுக்கு என்ன குறை? நெருப்பைப் போட்டால் அதுக்குள்ளை இன்னொரு நெருப்பு எரியிற மாதிரித் தெரியும்.

கிளடிஸ்: கல்லறை மாதிரிக் கிடக்கு.

அருள்நாயகம்: மாபிள்?

கிளடிஸ்: பாங்க் மாதிரி.

அருள்நாயகம்: போன சனிக்கிழமை பாத்த பச்சைக் கல்லு?

கிளடிஸ்: பாசி.

அருள்நாயகம்: அதுக்கு முந்தின கிழமை, செங்கட்டி?

கிளடிஸ்: பேக்கறி. வரவேற்பறையிலை இருந்து ஆர் பாண் சுடுறது?

அருள்நாயகம்: ஸ்காபரோவிலை இனி நாங்கள் ஏறி இறங்காத, கல்லு ரைல்ஸ் விக்கிற கடை இல்லை. கெனடி றோட் முடிஞ்சுது. மிட்லண்ட் முடிஞ்சுது. இதோடை மாக்கம் றோட்டும் முடியுது.

கிளடிஸ்: அலுத்துப்போச்சோ?

அருள்நாயகம்: நான் அப்பிடிச் சொன்னனானோ?

கிளடிஸ்: பிக்கறிங் பக்கம் ரெண்டு கடை இருக்காம்.

அருள்நாயகம்: ஓம். இருக்காம். ...நானும் விசாரிச்சனான்.

கிளடிஸ்: அப்ப சரி. இந்தப் பலகையைப் பற்றிச் சொல்லுங்கோ. மேலை வைக்கிறது. பேர் என்ன, மான்ரிலோ?

அருள்நாயகம்: மான்ரில். இது ஓக் மரம். வடிவுதான், ஆனா கண்டபாட்டுக்கு வைக்கேலாது. சூட்டுக்காத்து என்ன செய்யும்? மேலை எழும்பும். எழும்பிப் பலகையின்ரை அடியிலை முட்டி, வெளியிலை சுழண்டு வரும். இந்தா, என்ரை கையைப் பலகை எண்டு நினையும். கை எவ்வளவு முன்னுக்கு நீளுதோ, அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவேணும். கட்டைப் பலகையெண்டால் கிட்ட வைக்கலாம். அகலப் பலகையெண்டால் தூரப் போகவேணும். இல்லாட்டி அடிப்பக்கம் காய்ஞ்சு, பொருக்கு வெடிச்சு, கருகத் தொடங்கும்.

கிளடிஸ்: கையைக் கீழை விடுங்கோ. அந்தக் கடைப் பெடியன் பாக்கிறான்.

அருள்நாயகம்: பாக்கட்டும். கல்லுக்கும் நெருப்புப் பெட்டிக்கும் நடுவிலை ஏன் கொஞ்சம் இடம் விடுறது எண்டு சொன்னனானோ?

கிளடிஸ்: சொன்ன மாதிரிக் கிடக்கு. எனக்குச் சரியா விளங்கேல்லை.

அருள்நாயகம்: உம்மடை காஸ் ஃபயர்பிளேசின்ரை பெட்டி தகரம். சூடேறேக்கை அது பெருக்கும், ஆறேக்கை சுருங்கும். கல்லு அவ்வளவுக்கு அசையாது. ரெண்டையும் இறுக்கி ஒட்டினால் முதல் குளிர்காலத்திலையே மூலையிலை கீறல் விழும். அதுதான் ஒரு நூல் இடைவெளி விட்டு, அதுக்குள்ளை சூடு தாங்கிற மெத்தென்ற பசையை நிரப்புறது. சீமெந்தை நிரப்பக்கூடாது. நான் முந்தி வேலை செய்த காங்கேசன்துறைச் சீமெந்துச் சூளையிலையும் இதுதான் கணக்கு. உள்ளுக்கை நெருப்புக்கல்லு அடுக்கேக்கை மூச்சுவிட இடம் குடுத்துத்தான் அடுக்குவம். ...இதை நான் மூண்டு தரம் சொல்லிப்போட்டன் போலை.

கிளடிஸ்: நாலாந்தரமும் கேப்பன்.

அருள்நாயகம்: கேட்டு என்ன செய்யப்போறீர்? ஒட்டப்போறது எங்கடை ரைல்ஸ் வேலைக்காரன் பேனாட்.

கிளடிஸ்: சும்மா. நீங்கள் சொல்லேக்கை கேட்டுக்கொண்டு நிக்க... சும்மாதான்.

அருள்நாயகம்: வேணுமெண்டால் நான் ஒருக்கால் ரூஜ் பக்கம் வந்து, உம்மடை வீட்டிலை அளவைத் திரும்ப எடுக்கட்டோ?

கிளடிஸ்: வேண்டாம். வீடு ஒரே தூசி.

அருள்நாயகம்: சரி.

கிளடிஸ்: மரியோவும் இரவு வேலை முடிச்சுப் பகலிலை நித்திரை.

அருள்நாயகம்: சரி, சரி. நான் வரேல்லை.

கிளடிஸ்: ...இஞ்சாருங்கோ, அந்தக் கடைசித் தொங்கலிலை இருக்கிற மஞ்சள் கல்லு என்ன?

அருள்நாயகம்: மனிசி போனதுக்குப் பிறகு "இஞ்சாருங்கோ" எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை.

கிளடிஸ்: ...வாயிலை வந்திட்டுது.

அருள்நாயகம்: முந்தி "அருளண்ணை" எண்டு கூப்பிடுவீர். கோயில்லை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, படியிலை நிண்டு சத்தமா. இப்ப கொஞ்சநாளா அதுவும் இல்லை.

கிளடிஸ்: கூப்பிடாமலே திரும்பிப் பாக்கிறியள்தானே. பிறகென்னத்துக்கு ஒரு அண்ணை?

அருள்நாயகம்: ...அது மணற்கல்லு.

கிளடிஸ்: எது?

அருள்நாயகம்: நீர் கேட்ட மஞ்சள் கல்லு.

இராஜேஸ்வரி: அட, கிளடிஸ் அக்கா. நீங்களோ? தூரத்திலை கண்டிட்டு, எங்கடை முன்வீட்டு அக்கா மாதிரிக் கிடக்கெண்டு வாறன். உவர்...

கிளடிஸ்: எங்கடை கோயில் ஆள், இராஜேஸ்வரி. அருள்நாயகமண்ணை. கல்லுகளைப் பற்றித் தெரிஞ்சவர். உதவிக்கு வந்தவர்.

இராஜேஸ்வரி: ஓ, அண்ணையோ. வணக்கம் அண்ணை. நான் குசினிச் சுவருக்கு ரைல்ஸ் பாக்க வந்தனான். எங்கடை இவர் காருக்கையே இருக்கிறார், கடைக்குள்ளை கால் வைக்கமாட்டார். உங்களுக்கு எண்டால் பொறுமையான ஆள் கிடைச்சிருக்கு. என்னத்துக்குக் கல்லு அக்கா?

கிளடிஸ்: ஃபயர்பிளேசுக்கு.

இராஜேஸ்வரி: இன்னும் முடியேல்லையோ? போன மாதம் உங்கடை வாசலிலை பேனாட்டின்ரை நீல வான் ரெண்டு நாளா நிண்டதே. கல்லு வெட்டுற சத்தம் எங்கடை வீட்டுக்கும் கேட்டது.

கிளடிஸ்: அது... குளிக்கிற அறையிலை ரைல்ஸ் கழண்டு போச்சு.

இராஜேஸ்வரி: புது வீட்டிலையோ?

கிளடிஸ்: கட்டினவன் செய்த வேலை அப்பிடி.

இராஜேஸ்வரி: எங்கடை வீடும் அதே ஆள்தானே கட்டினவன். போய் எல்லாத்தையும் தட்டிப் பாக்கவேணும். அண்ணை, தட்டினால் தெரியுமோ?

அருள்நாயகம்: தெரியும், தங்கச்சி. நாணயக்குத்தியாலை தட்டும். நல்லா ஒட்டியிருந்தால் அடைச்ச சத்தம். பின்னுக்கு வெறும் காத்தெண்டால் டொங்கெண்டும்.

இராஜேஸ்வரி: இவர் இப்பிடி ஒரு நாளும் எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தினதில்லை. வாறன் அக்கா. வாறன் அண்ணை. ரெண்டுபேரும் ஆறுதலாப் பாருங்கோ.

கிளடிஸ்: ...போயிட்டாளோ?

அருள்நாயகம்: கதவடியிலை நிண்டு திரும்பிப் பாக்கிறா.

கிளடிஸ்: பாக்கட்டும். நாளைக்கு மோணிங்சைட் வரைக்கும் கதை போயிடும்.

அருள்நாயகம்: கல்லுக் கதைதானே.

கிளடிஸ்: அவ சொன்ன வான்...

அருள்நாயகம்: ஓ, வான். நீல வான் கனபேரிட்டை இருக்கு.

கிளடிஸ்: நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டியளோ?

அருள்நாயகம்: குளிக்கிற அறை எண்டு சொன்னீர்தானே. ...மணற்கல்லைப் பாப்பமோ? அதுக்கு முதலிலை மேலை ஒரு பூச்சுப் பூசவேணும். துளையுள்ள கல்லு, புகை பட்டால் குடிச்சுப்போடும்.

கிளடிஸ்: வேண்டாம்.

அருள்நாயகம்: பாக்காமலே பிடிக்கேல்லையோ?

கிளடிஸ்: கொஞ்சம் இதிலை இருங்கோ. நிண்டு நிண்டு கால் நோகுது.

அருள்நாயகம்: இது விக்கிற கல்லு.

கிளடிஸ்: இருந்தால் உடையாது எண்டு நீங்கள்தான் சொன்னனியள். இருங்கோ. ...வியாழக்கிழமை வேரோனிக்கா எனக்குப் போன் எடுத்தவள்.

அருள்நாயகம்: என்ரை மகளோ?

கிளடிஸ்: ஓம். கல்கறியிலை இருந்து. முதல் பத்து நிமிசமும் குளிரைப் பற்றிக் கதைச்சாள். பேந்து மெல்லமாக் கேட்டாள். தனக்கு மார்கழியிலை பிள்ளை பிறக்கப்போகுதாம். அப்பாவை ஒரேயடியா அங்கை வந்து தங்களோடை இருக்கச் சொல்லி, இளவேனிலிலை இருந்து கேக்கிறாளாம். கிளடிஸ் அன்ரி வீட்டு ஃபயர்பிளேஸ் வேலை முடியட்டும், முடிய வாறன் எண்டு நீங்கள் சொன்னனியளாம்.

அருள்நாயகம்: சொன்னனான்தான்.

கிளடிஸ்: "அது எப்ப அன்ரி முடியும்?" எண்டு கேட்டாள்.

அருள்நாயகம்: நீர் என்ன சொன்னீர்?

கிளடிஸ்: கல்லு இன்னும் பிடிபடேல்லை பிள்ளை எண்டு சொன்னன்.

அருள்நாயகம்: அதிலை பிழை இல்லையே.

கிளடிஸ்: பிழைதான். பிள்ளைத்தாச்சிப் பெட்டை. தாயும் இல்லை. அவளிட்டைப் போய்ப் பொய் சொல்லிப்போட்டு போனை வைச்சன். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

அருள்நாயகம்: என்ன பொய்?

கிளடிஸ்: என்னைப் பாக்காதேங்கோ. அங்காலை அந்தக் கல்லுகளைப் பாருங்கோ, சொல்லுறன். ...முதல் நாள் கூட்டிக்கொண்டு போனியளே, கெனடி றோட்டுக் கடை. அங்கை ஒரு சாம்பல் ஸ்லேற் இருந்தது.

அருள்நாயகம்: ஓம். தட்டுத் தட்டாப் பிளந்து எடுக்கிற கல்லு.

கிளடிஸ்: அதைக் கையிலை எடுத்துத் தந்தியள். இது மினுங்காது, மெல்லமாத்தான் சூடேறும், ஏறினால் கனநேரம் வைச்சிருக்கும் எண்டு சொன்னியள். அப்பவே எனக்குப் பிடிச்சிட்டுது. அடுத்த கிழமை மரியோவை விட்டு வாங்குவிச்சன். பேனாட் வந்து ஒட்டியும் போட்டான். பின்னேரங்களிலை நெருப்பைப் போட்டிட்டு அதுக்கு முன்னாலை இருக்கிறனான். நிப்பாட்டிப்போட்டுக் கையை வைச்சுப் பாப்பன். நீங்கள் சொன்னது சரி, கனநேரத்துக்கு இளஞ்சூடாக் கிடக்கும். அதை உங்களிட்டைச் சொல்லவேணும் எண்டு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் வேலை முடிஞ்சுதெண்டு போயிடுவியள். அதாலை ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளிக்கிட்டு வந்து, நல்ல நல்ல கல்லுகளையெல்லாம் பிடிக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான். ...கோவமோ?

அருள்நாயகம்: கல்லுக்கு நடுவிலை பூசினது என்ன நிறம்?

கிளடிஸ்: என்ன?

அருள்நாயகம்: கிறவுற். என்ன நிறம்?

கிளடிஸ்: கறுத்தச் சாம்பல். நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறன், நீங்கள் என்ன கேக்கிறியள்?

அருள்நாயகம்: பேனாட் முதல் வெள்ளைதான் வாங்கி வைச்சிருந்தவன். வெள்ளை பூசினால் ஸ்லேற் சதுரம் சதுரமாப் பிரிஞ்சு தெரியும், கல்லு ஒண்டாத் தெரியாது. நான்தான் மாத்தி வாங்கிக் குடுத்தனான்.

கிளடிஸ்: ...நீங்களோ?

அருள்நாயகம்: ஒட்டத் தொடங்க முதல் எனக்குத்தான் போன் எடுத்துக் கேட்டவன். முடிச்ச அண்டைக்கும் எடுத்தவன். என்னட்டைக் கேட்டதெண்டு கிளடிசுக்குச் சொல்லாதை எண்டனான்.

கிளடிஸ்: தெரிஞ்சுகொண்டோ இந்தப் பச்சைக் கல்லும் செங்கட்டியும் காட்டிக்கொண்டு திரிஞ்சனியள்?

அருள்நாயகம்: நீர் கேட்டுக்கொண்டு நிண்டீர்.

கிளடிஸ்: அறிவு கெட்ட வேலை. ரெண்டு கிழடுகள். ...அந்தப் பிள்ளைக்கு நான் இனி என்னெண்டு முகம் குடுக்கிறது? அவள் அங்கை வயித்தைத் தள்ளிக்கொண்டு, இந்த ஃபயர்பிளேஸ் முடியுமெண்டு காத்துக்கொண்டிருக்கிறாள்.

அருள்நாயகம்: முடிஞ்சது அவளுக்கும் தெரியும், கிளடிஸ். போன ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிப்போட்டன். பிள்ளை பிறக்கிற நேரம் வந்து நிக்கிறன், ஆனா திரும்பி ரொறொன்ரோவுக்கு வந்திடுவன் எண்டும் சொன்னன். அங்கை உங்களுக்கு ஆரப்பா இருக்கினம் எண்டு கேட்டாள். உம்மடை பேரைச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் அவள் உமக்குப் போன் எடுத்திருக்கிறாள்... நீர் என்னைப் போக விடுவீரோ எண்டு பாக்க.