இரண்டு டப்பா மாத்திரை

"நமக்கு என்ன மாத்திரை குடுக்குறாங்கன்னு அந்த டாக்டருக்கே தெரியாதாம்க்கா."

இதைக் கேட்டதும் போனைப் பையில் போட்டுவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து பேராவூரணி போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தெரியாமலா குடுக்குறாரு?" என்றாள் மூத்தவள்.

"தைராய்டு ஆராய்ச்சிக்கா. பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். கையெழுத்து வாங்குறப்பவே சொன்னாங்களே?"

"எனக்கு எங்கடி புரிஞ்சுச்சு? தலைய ஆட்டிட்டு வந்தேன். அப்ப எனக்கு மாவா?"

"தெரியலையே."

"மாவுன்னா அசதி எப்படிப் போச்சு?"

"எனக்குந்தான் போச்சு."

"அப்ப ரெண்டு பேருக்கும் நெஜந்தான்."

ஒரத்தநாட்டில் ஆள் இறங்கி ஏறி, வண்டி கிளம்பியதும் இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத வாரமே ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து, திரும்பப் பாதிப் பாதியா போட்டு வச்சுட்டேன்க்கா. ஒரே வீட்டுல ஒருத்திக்கு மட்டும் மாவு வந்துடக் கூடாதுல்ல?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"இன்னைக்கு ரத்தம் எடுத்தாங்களேடி. அத வச்சுத்தான ஊருக்கெல்லாம் மருந்து சொல்லப் போறாங்க?"

மூத்தவள் கைப்பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"இனிமே அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாதேடி."