பட்டாளத்தார் கேட்ட ஒரு கேள்வி

இந்த நினைவேந்தல் அவையைத் தலைமையேற்று நடத்தும் ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே, அப்பாவை இழந்த அயர்விலும் வாசலில் நின்று எங்களை வரவேற்ற செவிலியர் அம்மா அவர்களே, தூங்கும் பிள்ளைகளை மடியில் தாங்கிக்கொண்டு இன்னும் எழாமல் இருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றே கேட்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

கத்திரி பிடித்துப் பழகிய கை இது. இன்று மைக்கைப் பிடித்திருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் தலைகுனியச் சொல்லியே பிழைக்கும் முடிதிருத்துகிறவன் நான், கடைசிவரை தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். அவரும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

யார் அந்தப் பட்டாளத்தார்? சாலையே எட்டிப் பார்க்காத சிற்றூரில் பிறந்து, ஆட்டு மந்தைக்குப் பின்னால் அலைந்தவர். போர் மூண்டபோது சீருடை பூண்டவர். காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து சுமந்துவரும் பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். நொண்டிக் குட்டியைத் தோளில் போட்டு வந்தவனுக்கு அது புது வேலையா என்று வேடிக்கையாகக் கேட்பார். ஒருநாள் மலைச்சரிவில் ஒரு தோழனைச் சுமந்து இறங்கும்போது குண்டு விழுந்தது. தோளில் இருந்தவன் பிழைத்தான். சுமந்தவரின் வலது கால் போயிற்று.

ஊன்றுகோலோடு வந்தவருக்கு நம் ஊர் ரயில்வே கேட்டில் வேலை கொடுத்தார்கள். கேட்டை மூடுகிறவனை யாராவது வாழ்த்துவார்களா? இவரை வாழ்த்தினார்கள். வெயிலில் காத்து நிற்பவர்களுக்குத் தண்ணீர் தந்தார். தள்ளாதவர்களுக்குத் தன் முக்காலியைத் தந்தார். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணோடு வந்த ஆட்டோ மூடிய கேட்டில் சிக்கியபோது, ஒவ்வொரு வண்டியிடமும் போய் ஒதுங்கச் சொல்லி வழி உண்டாக்கி, ரயில் கடந்ததும் அந்த ஆட்டோவைத்தான் முதலில் அனுப்பினார். என்ன தம்பி, கை தூக்குகிறீர்கள்? அந்தக் குழந்தை நீங்களா? உங்கள் அக்காவா? சரி, அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அன்பர்களே, அன்பு காட்டுவது எளிது, எதிரில் நிற்பவர் நம்மவராக இருக்கும்வரை. பட்டாளத்தார் அதற்கு அப்பாலும் போனார்.

எந்த நாட்டோடு போர் நடந்ததோ, அந்த நாட்டிலிருந்து ஒரு தையல்காரர் குடும்பத்தோடு பிழைக்க வந்தார். என் கடைக்கும் அவர் கடைக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். நம் தெருவில் அந்தப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அந்த வேதனை பொய்யில்லை. ஒருநாள் காலை, கடையைக் காலி செய் என்று கத்திக்கொண்டு கூட்டம் கூடியது. ஒருவர் கையில் கல். உள்ளே தையல்காரரின் மனைவி பிள்ளைகளை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஊன்றுகோல் வந்தது. பட்டாளத்தார் தையல்காரரிடம் ஒரு புதுக் கால்சட்டையை நீட்டினார்.

"இதுல ஒரு கால் எனக்குத் தேவையில்ல. மடிச்சுத் தச்சுக் குடுங்க."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"போனது என் காலு. கோவப்படணும்னா நான்தானய்யா மொதல்ல படணும்?"

கல்லைப் பிடித்தவர் அதைக் கீழே போட்டார். கூட்டம் கலைந்தது. தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

கதை இங்கே முடிந்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். முடியவில்லை. இனி நான் சொல்வதைச் சொல்லலாமா என்று தையல்காரர் ஐயாவிடம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

நட்பு நெருங்கி வளர்ந்த பிறகு ஒருநாள், தையல்காரர் மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டார். அவரும் படைவீரர். அதே மலையில், எதிர்ப்பக்கத்தில், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்தவர். "உங்க கால எடுத்தது நான் குடுத்த குண்டாக்கூட இருக்கலாம் அண்ணே," என்றார்.

பட்டாளத்தார் எழுந்தார். ஊன்றுகோலை எடுத்தார். போய்விட்டார்.

நாட்கள் போயின, வாரங்கள் போயின, அவர் வரவில்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பர்களே, நான் இதை மறைக்க மாட்டேன். அவர் சிலையில்லை, மனிதர். கோபம் வந்தது, தூக்கம் போனது, மகளிடம்கூடப் பேசவில்லை. கோபமே வராதவர் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன பெருமை? கொதித்தவர் தணிந்தாரே, அதுவல்லவா பெருமை?

மழை பெய்த ஒரு மாலையில் மீண்டும் வந்தார். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதுவரை தையல்காரரை 'நீங்க' என்றே அழைத்தவர், அன்று முதன்முறையாக 'நீ' என்றார்.

"அன்னிக்கு நீ பயந்தியா?"

"ரொம்பப் பயந்தேண்ணே. அம்மாவக் கூப்பிட்டு அழுதேன்."

"நானும்தான்."

அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவர் கேட்கவுமில்லை, ஒருவர் கொடுக்கவுமில்லை. எந்த வெற்றி பெரிது? மலையைப் பிடித்த வெற்றியா, மனத்தைப் பிடித்த வெற்றியா? எந்த அரசு இதற்குப் பதக்கம் தரும்? எந்தப் பதக்கம் இதற்குப் போதும்?

அதன்பின் இருவரும் முதுமை வரை அந்தக் கடையில் ஒன்றாக உட்கார்ந்து, வானொலியை எந்த நிலையத்தில் வைப்பது என்று சண்டை போட்டார்கள். ஒருவர் பேரன்களை மற்றவர் தன் பேரன்கள் என்றே சொன்னார்.

தொண்ணூறைத் தாண்டிய பட்டாளத்தார் சென்ற மாதம் கண் மூடினார். மரியாதை செலுத்த ஓர் அதிகாரியோடு படைவீரர்கள் வந்தார்கள். தையல்காரர் மட்டும் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். சீருடைகளைப் பார்த்ததும் தயங்கினார், எதிர்ப்படையில் இருந்தவர் அல்லவா? மகள், நம் செவிலியர் அம்மா, போய்க் கையைப் பிடித்தார். "நீங்க முன்னாடி நிக்கணும் சித்தப்பா," என்றார்.

முன்னால் வந்தார். கையை உயர்த்தி, தன் பழைய படையின் முறைப்படி அண்ணனுக்கு வணக்கம் வைத்தார். அது எந்த நாட்டு வணக்கம் என்று அந்த அதிகாரிக்குத் தெரியும். ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு விறைத்து நின்று, அந்த முதியவருக்குப் பதில் வணக்கம் வைத்தார்.

அதைப் பார்த்த கண்களோடு உங்கள் முன் நிற்கிறேன். இத்தோடு மைக்கை வைத்துவிட்டுக் கத்திரிக்குத் திரும்புகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. தையல்காரர் ஐயா, உங்களுக்கு மட்டும் மறுபடியும் ஒரு வணக்கம்.