தப்பாகப் பாடத் தெரிந்தவள்

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

“தெனமும் வேணும்னே தப்பாப் பாடுறது லேசு இல்லக்கா.”

“ஏன்டி தப்பாப் பாடுற?”

“மகளுக்காகத்தான். கோயில்ல பாட்டுப் படிக்கிறா. லயத்து வீட்டுக்கு வந்தா வாயத் தெறக்க மாட்டேங்குறா. அதட்டினா அழுவுறா. பாட்டு வாத்தியாருதான், ‘அதட்டாதீங்க, அவளையே ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க’ன்னாரு.”

“குடுத்தாளா?”

“நான் தப்பாப் பாடினா அவளால பொறுக்க முடியாது. நான் சரியாப் பாடுற வரைக்கும் அவளே பாடிப் பாடிக் காட்டுவா. பக்கத்துக் காம்பரா வீட்டுல என்னயப் பாத்துச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.”

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். “என் மவனும் பாட்டுன்னா ஓடுறான். எனக்கு ஒரு வரிகூடப் பாட வராதே.”

“அப்ப ஒங்களுக்கு நடிக்கிற செரமமே இல்ல.”

பேராதனை நெருங்கியபோது மூத்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஒம் மக பாட்டுல அந்த மொத வரி எப்புடி?”

இளையவள் மெல்லப் பாடினாள். மூத்தவள் திருப்பிப் பாடினாள். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

“அய்யோ, முழுக்கத் தப்பு!” என்று இளையவள் கைதட்டினாள். “இப்புடியே போயி மவன்கிட்ட பாடுங்கக்கா.”